பூப்போட்ட கரண்டி

நஸீறா மாமியின் கண்ணாடி அலுமாரியில், மக்காவிலிருந்து வந்த ஸம்ஸம் தண்ணீர்ப் போத்தலுக்கும் ஒருநாளும் தேநீர் காணாத தங்கக்கரைக் கோப்பைகளுக்கும் நடுவில் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. பெட்டிக்குள் நீல வெல்வெட். வெல்வெட்டில் ஒரு கரண்டி. பிடியில் ரோசாப்பூ செதுக்கிய, முகம் பார்க்கலாம் போல மினுங்கும் கரண்டி. அந்த வீட்டில் அதற்கு இருந்தது ஒரே ஒரு வேலை. மருமகள் டில்ஷானி சாப்பிட உட்கார்ந்தால் வெளியே வருவது.

பிரியாணிக்கு வந்தது. இடியப்பத்துக்கு வந்தது. ஒருமுறை பராட்டாவுக்கும் வந்தது. பராட்டாவைக் கரண்டியால் என்ன செய்வதென்று டில்ஷானிக்கும் தெரியவில்லை, கொண்டுவந்து வைத்த மாமிக்கும் தெரியவில்லை. ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். கரண்டி மட்டும் அசையாமல் அங்கேயே கிடந்தது.

எல்லாம் கல்யாணத்துக்கு முந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தொடங்கியது. கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு, ரிஸ்கானின் வீட்டாரைப் பார்க்க முதன்முதலாக வந்திருந்தாள். உடுத்த வேண்டிய சேலையை ஸ்திரி போடும்போது வலதுகை விரல் இரண்டைச் சுட்டுக்கொண்டு, பிளாஸ்டர் ஒட்டியபடி வந்திருந்தாள். சாப்பாட்டு நேரம் பாயை விரித்து, சஹனைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார்கள். ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகக் கைபோட்டுச் சாப்பிடும் பெரிய தட்டு. மாப்பிள்ளை வீட்டுக்கு முதல்நாள் போகிறவள், சேலை ஸ்திரி போடத் தெரியாதவள் என்று பெயர் வாங்குவாளா? கையைத் தலைப்புக்குள் ஒளித்துக்கொண்டு, "எனக்கு இப்பிடிப் பழக்கமில்லை அன்ரி" என்று சொல்லிவிட்டாள்.

சொன்னபோது கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. ஐந்து புதிய கைகளுக்கு நடுவே தன் கையையும் வைப்பது அன்றைக்கு அவளுக்குப் பெரிய விஷயமாகத்தான் இருந்தது.

அடுத்த நாளே நஸீறா புறக்கோட்டைக் கடைத்தெருவுக்குப் போய் அந்தக் கரண்டியை வாங்கி வந்துவிட்டார். விரல் ஒரு கிழமையில் ஆறியது. டில்ஷானி கலிமா சொல்லி இஸ்லாத்துக்கு வந்தாள், ரிஸ்கானைக் கட்டினாள், நோன்பு பிடித்தாள், குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தைப் பாடமாக்கினாள். மூன்று வருடமாகியும் கரண்டி ஓயவில்லை.

கரண்டி மட்டுமென்றால் சமாளித்திருப்பாள். அந்த வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அவளுக்கு ஏதாவது கொடுக்க விரும்பினார்கள். தொழுகைப் பாய்கள் மட்டும் ஓர் அலுமாரித் தட்டு நிறைய இருந்தன. கொடுத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எப்புடி மகள் இஸ்லாத்துக்கு வந்தீங்க? செல்லுங்கொ கேப்பம்" என்பார்கள்.

அவளுடைய கதை சின்னது. பொரளையில் கண் டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் அவளுக்கு வேலை. வாப்பாவின் கண்ணைக் காட்ட வந்த ரிஸ்கானைக் கண்டாள். பிறகு, ரிஸ்கானுக்காக என்று தொடங்கிய வாசிப்பு எப்போதோ தனக்காக என்று ஆகியது. ஒரு விடியற்காலை, தெரிந்த அளவில் தொழுதுவிட்டு எழும்பியபோது மனம் கழுவித் துடைத்த மேசை மாதிரி இருந்தது. அவ்வளவுதான். ஆனால் கேட்கிறவர்களின் முகம் இன்னும் ஏதோ வேண்டும் என்று காத்திருக்கும். ஒருமுறை அந்த முகங்களுக்காக, "அண்டைக்கு நல்ல மழை" என்று சேர்த்தாள். ஒரு பெண் கண்ணைத் துடைத்தார். அன்றிலிருந்து மழை கதையை விட்டுப் போகவில்லை.

சமையலுக்கு உதவக் குசினிக்குள் அவள் போனால் நான்கு கைகள் மறிக்கும். "நீங்க இரிங்கொ மகள்." சாப்பிட்டு முடிந்ததும் அவளை முன் ஹோலுக்கு அனுப்பி, மின்விசிறிக்குக் கீழே உட்கார்த்தி விடுவார்கள். பின்னால் குசினியிலிருந்து மாமியும் மூத்த மருமகள் அர்பாவும் சிரிக்கும் சத்தம் மட்டும் கேட்கும். அங்கே என்ன நடக்கிறது என்று அவள் ஒருநாளும் கண்டதில்லை.

நோன்பு காலத்தில் இரவுத் தராவீஹ் தொழுகைக்குப் பள்ளிக்குப் போகும்போதுதான் மனம் லேசாகும். அங்கே முன்பின் தெரியாத ஒரு பெண் அவளுடைய முழங்கையைப் பிடித்து இழுப்பார். "கிட்ட வாங்கொ, எடவெளி விடாதீங்கொ." தோளோடு தோள் ஒட்டும். பக்கத்துப் பெண்ணின் மூச்சில் ஏலக்காய் மணக்கும். வரிசையில் யாரும் யாருக்கும் தனி இடம் போடுவதில்லை. இதே வரிசையில் நிற்கும் தன் வீட்டுப் பெண்கள், வீடு திரும்பியதும் ஏன் தன்னைப் பாயை விட்டுத் தனி மேசைக்கு அனுப்புகிறார்கள் என்று யோசித்தபடி அவள் நடந்து வருவாள். அவர்களுக்கு அவள்மேல் அன்பில்லை என்று சொல்ல முடியாது. அன்பு இருந்தது, அதுவும் தட்டு நிறைய. அதுதான் சிக்கல்.

"உங்கட உம்மாட்ட நீங்க சொல்லுங்களேன்" என்றாள் ரிஸ்கானிடம்.

"என்னத்தச் செல்ல? 'உம்மா, கரண்டிய உள்ளுக்கு வெச்சிட்டு எங்கட வைஃபக் கையால திங்க உடுங்கொ' எண்டா? மூணு வருஷத்துக்குப் பொறகா? உம்மா அழுவா."

"ஏன் அழப்போறா?"

"சந்தோஷத்துல அழுவாவா, கவலயில அழுவாவா எண்டு தெரியா டில்ஷா. அதுதான் எனக்குப் பயம்." அவன் தொலைபேசிக்குள் தலையைத் திரும்பப் புதைத்துக்கொண்டான்.

பெருநாளுக்குச் சில நாட்கள் முன்னால் அவள் கொட்டாஞ்சேனைக்குப் போனாள். அம்மா மாக்ரெட் குசினியில் கேக்குக்கு முந்திரிக்கஜு நறுக்கிக்கொண்டிருந்தார். ஊர் முழுதும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடும். முப்பது வருடம் மொண்டிசூரிப் பிள்ளைகளை அதட்டிய குரல், வீட்டிலும் இறங்குவதில்லை.

"இன்னும் உன்னை அங்க குசினிக்க விடேல்லையா?"

"நல்லா மதிக்கினம் மம்மி."

"கோயில் பாதரையும் தான் நாங்கள் மதிக்கிறம். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டா என்ன செய்யிறம்? நல்ல பிளேட், நல்ல கரண்டி, தனி மேசை. அதுக்காகப் பாதர் எங்கட வீட்டுக்காரரா?"

"பாதர் நல்லாச் சாப்பிடுவார்" என்றார் பேப்பருக்குப் பின்னாலிருந்து அப்பா ஹியூபேட்.

"நீங்கள் சும்மா இருங்கோ." மாக்ரெட் கத்தியைக் கீழே வைத்தார். "இங்க பார் டிலு. நீ கோயிலை விட்டுப் போனாய். சரி. அதை நான் ஆண்டவரிட்டக் கதைச்சுக்கொள்ளுறன். ஆனா போன இடத்தில உனக்கு ஒரு இடமில்லாட்டி, அதை நான் ஆரிட்டப் போய்க் கதைக்கிறது?"

டில்ஷானிக்கு அழுவதற்குப் பதிலாக வீரம் வந்துவிட்டது. "பெருநாளைக்கு வாங்கோ ரெண்டு பேரும். மாமி எத்தனை தரம் கூப்பிட்டவ! வந்து, நான் எங்க இருந்து சாப்பிடுறன் எண்டு உங்கட கண்ணாலயே பாருங்கோ."

"வாறம்" என்றார் மாக்ரெட். இதுவரை ஒருமுறையும் அப்படிச் சொன்னதில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில்தான் டில்ஷானி தான் சொன்னதை யோசித்தாள். இனி மாற்ற முடியாது. அம்மா பார்க்கும்போது தான் பாயில், சஹனில், மற்றவர்களோடு இருக்க வேண்டும். மேசையில் அந்தக் கரண்டியோடு இருப்பதை மட்டும் அம்மா கண்டுவிட்டால், வீடு திரும்பி ஆண்டவரிடம் கதைக்க அவருக்கு இன்னொரு விஷயம் சேர்ந்துவிடும்.

பெருநாளன்று அதிர்ஷ்டம் அவள் பக்கம் இருப்பதுபோலத் தெரிந்தது. வழக்கமாகப் பெண்கள் சஹனில் உட்காரும் பெரிய மாமி, கால் வீங்கிக் கொலன்னாவையிலேயே தங்கிவிட்டார். நஸீறாவின் தங்கைமார் மூவர், ரிஸ்கானின் தங்கை றுஷ்னா, பக்கத்து வீட்டு பஹ்மிதா. எப்படிக் கூட்டினாலும் ஐந்து பேர்தான். நஸீறாவும் அர்பாவும் பரிமாறுகிறவர்கள், உட்காரமாட்டார்கள். ஆறாவது இடம் வெறுமையாக இருக்கும். யாரும் கூப்பிடக் காத்திராமல், கரண்டி வெளியே வருமுன் போய் உட்கார்ந்துவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டாள்.

பகல் தொழுகைக்குப் பிறகு கீழே ஒரு முச்சக்கரவண்டியின் சத்தமும் அதற்கு மேலாக, இங்கேயே நிறுத்து தம்பி என்று சிங்களத்தில் அதட்டும் ஒரு குரலும் கேட்டன. "மெத்தன மல்லி, மெத்தன! நவத்தன்ன!" வண்டி நின்றது. மாக்ரெட் கையில் பெரிய கேக் பெட்டியோடு படியேறி வந்தார். பின்னால் ஹியூபேட், பேலியகொடையில் விடியவே வாங்கிய பாரை மீனை நனையாத பையில் கட்டிச் சுமந்து வந்தார்.

"நஸீறா, பெருநாள் வாழ்த்துக்கள். இது லவ் கேக். இதில பிரண்டி ஒரு துளியும் இல்லை. மாதா மேல ஆணையா இல்லை."

நஸீறா அந்த ஆணையையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டார். "அல்லாஹ் பரகத் செய்யட்டும் டீச்சர், உள்ளுக்கு வாங்கொ" என்று பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

மாமனார் ஷரீப், ஹியூபேட்டை ஆண்களிருந்த முன் ஹோலுக்குக் கூட்டிப்போனார். "முழங்கால் நோவெண்டா கதிர தாரன் ஹியூபேட்."

"ஹார்பரில கேங்கோட நிலத்தில இருந்து சாப்பிட்டவன் நான்" என்று சொல்லி ஹியூபேட் பாயில் இறங்கி உட்கார்ந்தார். எழும்புவது எப்படி என்பது பிறகு யோசிக்க வேண்டிய விஷயம்.

பின் அறையில் பாய்மேல் வெள்ளைத் துணி விரித்து, சஹனை வைத்து வலைமூடியால் மூடியிருந்தார்கள். ஐந்து பெண்களும் வட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள். றுஷ்னாவுக்கும் பஹ்மிதாவுக்கும் நடுவில் ஓர் ஆள் இருக்கக்கூடிய இடைவெளி. டில்ஷானி இரண்டு எட்டு வைத்தாள். மூன்றாவது எட்டுக்கு முன் மேசையைக் கண்டுவிட்டாள்.

யன்னலோரம் லேஸ் துணி போட்ட சின்ன மேசை. இரண்டு கதிரை. இரண்டு பீங்கான் தட்டு. ஒன்றின் பக்கத்தில் சாதாரணக் கரண்டி, மற்றதன் பக்கத்தில் ரோசாப்பூ.

எல்லாவற்றையும் யோசித்தவள், அம்மாவை எங்கே உட்காரவைப்பார்கள் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. வேற்று வீட்டில் அம்மாவை மேசையில் தனியே விட்டுவிட்டு அவள் எப்படிப் பாயில் போய் உட்கார்வது?

"இது ஆருக்கு?" என்றார் மாக்ரெட்.

"ஒங்களுக்கும் மகளுக்கும் தான் டீச்சர். வசதியா இரிங்கொ."

மாக்ரெட் மேசையைப் பார்த்தார். பாயைப் பார்த்தார். மகளை ஒரு கண் பார்த்தார். "என்னை என்ன, பாதர் எண்டு நினைச்சியளா?" என்றார்.

யாருக்கும் விளங்கவில்லை, டில்ஷானியைத் தவிர. அவள் வாயைத் திறக்குமுன், மாக்ரெட் சேலைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகி, றுஷ்னாவின் தோளைக் கைப்பிடியாகப் பிடித்து, "கொஞ்சம் தள்ளு பிள்ளை" என்றபடி அந்த இடைவெளிக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டார்.

"மாஷா அல்லாஹ்!" என்றார்கள் தங்கைமார் மூவரும் ஒரே நேரத்தில். றுஷ்னா சிரித்துக்கொண்டே, "அன்ரி, ஒங்கட மொகத்துக்கு முன்னால ஈக்கிறதத் தான் தின்ன வேணும். மத்தவங்கட பக்கம் கை போகப்படாது" என்று பாடம் சொன்னாள்.

"மொண்டிசூரியில நான் பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுத்ததும் அதுதான்."

மூடியைத் திறந்தார்கள். ஐந்து பேர் பிஸ்மில்லாஹ் சொன்னார்கள். மாக்ரெட் பழக்கத்தில் நெற்றியிலிருந்து தோள்வரை சிலுவை அடையாளம் இட்டார். பஹ்மிதா நீட்டிய கையை நிறுத்தி, அவர் முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு ஆறு கைகளும் சோற்றுக்குள் இறங்கின.

டில்ஷானி மேசையோரம் நின்றாள். ஆத்திரமா பொறாமையா என்று பிரித்தறிய முடியாத ஒன்று, ஆறு வயதில் பக்கத்து வீட்டுப் பிள்ளை அம்மாவின் மடியில் ஏறியபோது வந்த அதே சூடு, காதுவரை ஏறியது. மூன்று வருடம் அவள் ஏங்கிய இடம். கலிமாவும் வேண்டாம், யாசீனும் வேண்டாம், கொசுவத்தைச் செருகினால் போதும் என்று தெரிந்திருந்தால்! அம்மாவுக்கு அந்த வீட்டில் நிரூபிக்க ஒன்றும் இல்லை. அதனால் உட்கார முடிந்தது. தான் இந்த மூன்று வருடமும் வாசலில் கூப்பிடக் காத்திருக்கிறவளைப் போலவே நின்றிருக்கிறோம் என்று அப்போதுதான் பட்டது. கூப்பிடுகிறவர்களோ அவள் நிற்பதைக் கண்டு இன்னொரு கதிரை கொண்டுவந்தார்கள்.

நஸீறாவும் இப்போது ஒற்றைப்பட்ட மேசையைக் கண்டுவிட்டார். "அல்லாஹ்வே, மகள் தனிய! றுஷ்னா, எழும்பு, மைனிக்குத் தொணயா மேசைக்கு வா."

றுஷ்னா வாய் நிறையச் சோற்றோடு பரிதாபமாகப் பார்த்தாள்.

"வேணாம் மாமி. அவ சாப்பிடட்டும்." டில்ஷானி கரண்டியை எடுத்து வெல்வெட் பெட்டிக்குள் வைத்து மூடினாள். பெட்டி டக்கென்று சத்தம் போட்டது. "நான் என்ன எடுத்துக் குடுக்க?"

"நீங்க இரி..." என்று நஸீறா தொடங்கினார். அதற்குள் முன் ஹோலிலிருந்து ஷரீப்பின் குரல் வந்தது. "எங்க புள்ளயள்? இங்க அச்சாறு இல்ல!" அர்பாவின் இரண்டு கையிலும் கோழித் தட்டு. நஸீறாவின் கையில் தண்ணீர்ச் செம்பு. சுற்றுமுற்றும் பார்த்தார். இருந்தது டில்ஷானியின் வெறுங்கைதான்.

"குசினியில, போத்தலுக்குள்ள ஈக்கி. ஓடுங்கொ மகள், ஓடுங்கொ!"

அவள் ஓடினாள். அவளை யாரும் மறிக்காத அந்தக் குசினியில் அடுப்புச் சூடும் ரம்பை இலை வாசமும் அவளை முட்டின. கண்ணில் பட்ட போத்தலைத் தூக்கி, கிண்ணத்தில் கொட்டி, முன் ஹோல் திரைக்கு அந்தப் பக்கம் ரிஸ்கானிடம் நீட்டிவிட்டு வந்தாள். பிறகு தண்ணீர். பிறகு கட்லட். பிறகு இன்னொரு தடவை தண்ணீர். நெற்றி வியர்த்து, பெருநாள் உடுப்பின் கை முழங்கைவரை ஏறியிருந்தது.

நஸீறா குசினிக்குள் வந்து மேசையைப் பார்த்து அப்படியே நின்றார். பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும், இனிப்பும் புளிப்புமான மலாய் அச்சாறு திறக்காமல் இருந்தது. பக்கத்துப் போத்தல் காலி.

"எலுமிச்ச ஊறுகாயவா அள்ளிக் குடுத்த? பிரியாணிக்கி? ஒரு போத்தல் முழுக்க? யா அல்லாஹ், இந்தப் புள்ளக்கிக் கண்ணில்லயா!"

சொல்லி முடித்ததும் அவருக்கே திக்கென்றது. செம்போடு இருந்த கையால் வாயைப் பொத்தினார். தண்ணீர் கொஞ்சம் கழுத்தில் சிந்தியது.

டில்ஷானிக்கு உச்சந்தலையிலிருந்து ஒரு குளிர் இறங்கியது. ஏசிவிட்டார். மாமி ஏசிவிட்டார், அதுவும் றுஷ்னாவுக்கு ஏசுகிற அதே தொனியில். "கண் டாக்டரிட்ட வேலை செய்யிறன் மாமி. ஆனா கண்ணில்லைத்தான்" என்றாள்.

அர்பா சிரித்த சிரிப்பில், கையிலிருந்த தட்டைக் கீழே வைக்க வேண்டி வந்தது.

கை கழுவ வந்த மாக்ரெட் குசினி வாசலில் இதையெல்லாம் பார்த்தபடி நின்றார். மகளின் கலைந்த முந்தானையை, வியர்த்த முகத்தை, மேசையில் பரவியிருந்த பாத்திரங்களை ஆறுதலாகப் பார்த்தார்.

"உன்ர மாமி உனக்கு நல்லா ஏசுறா."

"ஓம் மம்மி."

"கொஞ்சம் சத்தமாவே ஏசுறா."

"ஓம்" என்றாள் டில்ஷானி, பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி. மாக்ரெட் ஈரக்கையை அவளுடைய முந்தானையில் துடைத்தார். பிறகு, ஆண்கள் எழும்பிப்போன முன் ஹோலுக்குப் போய், மின்விசிறிக்குக் கீழிருந்த கதிரையில், டில்ஷானியின் கதிரையில், சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

எல்லாரும் கடைசியில் வட்டிலாப்ப இனிப்பும் சாப்பிட்டு ஓய்ந்த பிறகு நஸீறா குசினிக் கதவைச் சாத்தினார். பிரியாணிப் பானையைத் தரைக்கு இழுத்தார். அர்பா மூன்று சின்னப் பலகைகளைப் போட்டாள். மூன்றாவது பலகை எங்கிருந்து வந்தது என்று டில்ஷானி கேட்கவில்லை. பானைக்குள் சோறு அடியில்தான் இருந்தது. நெய் ஊறி, மசாலா பிடித்து, ஓரத்தில் கருகிய சோறு. சஹனுக்குப் போகாத சோறு. அர்பா ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக் கண்ணை மூடினாள். "இதுக்காகத் தான் மைனி நாங்க பரிமாறுற."

அந்தச் சிரிப்புச் சத்தம் இதுதானா!

டில்ஷானி கையை உள்ளே விட்டாள். சூடாக இருந்தது. நஸீறா அவளுடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒங்களுக்குப் பழக்கமில்லயே மகள்..."

"பழக்கம் இருக்கு மாமி. அண்டைக்கு விரல் சுட்டுப்போச்சு. சேலை ஸ்திரி போடேக்க. சொல்ல வெக்கமா இருந்தது."

நஸீறாவின் கை பானைக்குள் நின்றுவிட்டது. "விரலா?"

"ரெண்டு விரல்."

"ரெண்டு விரலுக்கா நான் புறக்கோட்டயில கட கடயா ஏறி எறங்கின?" நஸீறாவின் தோள்கள் குலுங்கத் தொடங்கின. கண்ணிலிருந்து நீர் வழிந்தது. ரிஸ்கான் சொன்னது சரி. அது எந்த அழுகை என்று பார்க்கிறவர்களால் கண்டுபிடிக்க முடியாது. முழங்கையால் முகத்தைத் துடைத்தபடி, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "நான் என்ன நெனச்ச தெரியுமா? எங்கட கையப் பாத்து நீங்க அருவருக்கிற எண்டு. மொகத்துக்கு நேர அப்புடியொண்டு நடந்துடக்கூடா எண்டுதான் ஒவ்வொரு தரமும் நான் முந்திக்கொண்டு கரண்டியக் கொண்டுவந்த."

மூன்று வருடமாகத் தன்னை வெளியே நிறுத்தியதென்று டில்ஷானி நினைத்திருந்த கரண்டி, அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் இப்படியிருந்திருக்கிறது. அவள் தன் பலகையை மாமியின் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்திக்கொண்டாள்.

பானையின் அடி பிடித்துக்கொண்டு வர மறுத்தது. அர்பா நகத்தால் கிண்டிப் பார்த்தாள்.

"அந்தப் பொட்டிய எடுத்துட்டு வா அர்பா."

"எந்தப் பொட்டி மாமி?"

"தெரியாத மாதிரி கேக்காத."

பெட்டி வந்தது. நஸீறா கரண்டியை வெல்வெட்டிலிருந்து உருவி, பானையை முழங்காலுக்கு நடுவே இறுக்கிப் பிடித்து, கிறீச் கிறீச்சென்று சுரண்டத் தொடங்கினார். மூன்றாவது சுரண்டலில் பிடி வளைந்தது. ரோசாப்பூவுக்குள் நெய்யும் கரியும் ஏறின. பொரிந்த ஓர் ஓடு கழன்று வந்ததும், அதைச் சூட்டோடு சூடாக டில்ஷானியின் உள்ளங்கையில் வைத்தார்.

"சுடுதா?"

"சுடுது மாமி."

"சுடட்டும். தின்னு." வளைந்த கரண்டியை அவளிடம் நீட்டினார். "இந்தா. மிச்சத்த நீ சொரண்டு, எனக்குக் கை நோவுது."